பாதாம் பால் பவுடரில் எந்த இரும்பைச் சேர்ப்பது?

பெரியம்மா மகள், எனக்கு அக்கா, சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வாடகைச் சமையற்கூடத்தில் பாதாம் பால் பவுடர் தயாரித்து விற்கிறார். முழுக்கொழுப்புப் பால் பவுடர், தோலுரித்து அரைத்த பாதாம், சர்க்கரை, ஏலக்காய், பெயருக்குக் கொஞ்சம் குங்குமப்பூ. பிள்ளை பெற்ற பெண்களுக்கென்று இதிலேயே இரும்புச் சத்து சேர்த்து இன்னொரு பொட்டலம் போட்டால் என்ன என்று தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்டார். “கொஞ்சூண்டு பொடிதானே தம்பி, கொட்டிக் கலக்கிட்டா முடிஞ்சது, இல்லையா?”

நான் பால்பொருள் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் ஏழு வருஷம் இருந்தவன். முடிஞ்சது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொழுப்பும் இரும்பும் ஒரே பொட்டலத்துக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், முகர்ந்திருக்கிறேன்.

கொட்டிக் கலக்கும் அளவு உண்மையிலேயே கொஞ்சம்தான். 25 கிராம் பவுடர் ஒரு குவளைக்கு. குவளைக்கு 4 மி.கி. இரும்பு என்று வைத்துக்கொண்டோம். 10 கிலோ கலவையில் 400 குவளை, ஆக மொத்தம் 1,600 மி.கி. இரும்பு. உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, எனவே 5 கிராம்கூடத் தேவையில்லை. ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்றால் கால் பங்கு, 6.4 கிராம். ஃபெரஸ் பிஸ்கிளைசினேட் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 8 கிராம். விலைக்கணக்கு போடும் முன்பே இதை அக்காவிடம் சொன்னேன். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் உணவில் சத்து சேர்ப்பது பற்றி 2006-ல் வெளியிட்ட செறிவூட்டல் வழிகாட்டியில், அதே அளவு இரும்புக்கு பைரோபாஸ்பேட் ஃபெரஸ் சல்பேட்டைவிட ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும், பிஸ்கிளைசினேட் பதினேழு மடங்குக்கு மேலும் விலையாகும் என்று கணக்கு இருக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் அரசாங்கத்துக்கு அது பெரிய தொகை. 10 கிலோ பாதாம் பவுடரில் பாதாமுக்கும் குங்குமப்பூவுக்கும் போகும் காசோடு பார்த்தால் எட்டு கிராம் இரும்பு உப்பின் விலை கண்ணுக்கே தெரியாது. ஆகவே விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று அதை முதலிலேயே ஓரங்கட்டினோம்.

முடிவை நிர்ணயிப்பது வாடைதான்.

பால் கொழுப்பு சின்னச் சின்னத் திவலைகளாக இருக்கும். ஒவ்வொரு திவலையையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள்களில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். ஆக்சிஜன் முதலில் கைவைப்பது அங்கேதான். மெதுவாக ஹைட்ரோபெராக்சைடுகள், அதாவது ஆக்சிஜன் ஏறிய கொழுப்பு, சேரும். இவற்றுக்கு வாடை கிடையாது, நாக்குக்கும் தெரியாது. பக்கத்தில் இரும்போ செம்போ இருந்தால் அது ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து ஹைட்ரோபெராக்சைடை உடைக்கும். உடைந்ததில் ஃப்ரீ ராடிக்கல் என்ற துடிப்பான துண்டு பிறக்கும். அது அடுத்த கொழுப்பு மூலக்கூறைப் பிடிக்கும். உடைந்த துண்டுகளில் ஹெக்சனால் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் ஏறும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்று ஆலையில் சொல்வோம். அக்காவின் மாமியார் அதையே “காறல்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

எலக்ட்ரானைக் கொடுத்து மறுபடி வாங்கிக்கொள்ளத் தெரிந்த உலோகம்தான் இந்த வேலையைச் செய்யும். இரும்புக்கு ஃபெரஸ் (கொடுக்கத் தயாரான நிலை), ஃபெரிக் (கொடுத்துவிட்ட நிலை) என்று இரண்டு நிலை, செம்புக்கும் இரண்டு. கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் துத்தநாகத்துக்கும் ஒரே நிலைதான், அவற்றால் இந்த ஆட்டம் ஆட முடியாது. கால்சியம் சேர்த்த பாலைப் பற்றிக் கவலைப்பட வேறு விஷயம் உண்டு: கரையும் உப்பாகச் சேர்த்தால் சூடாக்கும்போது பால் திரிந்துவிடலாம், கரையாத உப்பானால் அடியில் வண்டலாகப் படியும். துத்தநாகம் அதிகமானால் நாக்கில் துவர்க்கும். ஆனால் காறல் வாடைக்கு இவற்றைக் குறை சொல்ல முடியாது. “மினரல் சேர்த்தாலே பால் கெடும்” என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அது பாதிதான் உண்மை.

செம்பு இரும்பைவிடப் பொல்லாதது. பாலில் இயல்பாகவே லிட்டருக்கு 0.1 மி.கி. அளவில் செம்பு இருக்கிறது, பெரும்பாலும் புரதத்தோடு கட்டுண்டு. வெளியிலிருந்து அதே அளவு சேர்ந்தாலும் போதும், வாடை கிளம்பிவிடலாம். சேர்க்கும் செம்பில் ஒரு பங்கு நேரே அந்தத் திவலைச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். செம்பு, பித்தளைக் குழாய்களையும் பாத்திரங்களையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பால் ஆலைகள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இந்த வேதியியல் தெரியாது, ஆனால் ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்ச விடமாட்டார்கள். களிம்பு ஏறும் என்பார்கள்.

இனி அக்காவின் முன்னால் இருந்த தேர்வுகள்.

முதலாவது ஃபெரஸ் சல்பேட். பெயரைக் கேட்டதும் அக்கா முகம் சுளித்தார். அதன் பச்சைப் படிகம்தான் நம் நாட்டு மருந்துக் கடை அன்னபேதி என்றதும் சமாதானமானார். அன்னபேதிச் செந்தூரம் சித்த மருத்துவத்தில் இரத்த சோகைக்குக் கொடுப்பதுதான். உணவில் சேர்ப்பது நீர் நீக்கிய, தூய்மையான வகை. உடம்பில் நன்றாகச் சேரும். எந்த இரும்பு உப்பை மதிப்பிட்டாலும் இதை 100 என்று வைத்துத்தான் மற்றதை அளப்பார்கள். குறை என்னவென்றால், ஃபெரஸ் நிலையில் இருப்பதாலும் தண்ணீரில் உடனே கரைவதாலும் கொழுப்பை ஆக்சிஜனேற்றுவதில் இதுதான் சுறுசுறுப்பு.

ஆனால் ஒன்று: சிலி நாட்டில் அரசாங்கம் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் பால் பவுடரில் ஃபெரஸ் சல்பேட்தான் போட்டார்கள். 100 கிராமுக்கு 10 மி.கி. இரும்பு, கூடவே 70 மி.கி. வைட்டமின் சி. அது எடுபட்டது. அக்கா இதை எங்கோ படித்துவிட்டு வந்து “அவங்களுக்கு ஆகுது, நமக்கு ஆகாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பவுடர் உலர்ந்தே இருந்தால் ஃபெரஸ் சல்பேட் துகளும் கொழுப்பும் ஒரே பையில் இருந்தாலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது குறைவு. ஈரம் ஏற ஏற உப்பு கரையும், இரும்பு நகரும், வேலை ஆரம்பிக்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டை ஒட்டி. பகலில் 31, 32 டிகிரி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி வினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். அதோடு சிலியின் பவுடரில் பாதாம் கிடையாது. பாதாமில் பாதி எடை எண்ணெய். அந்த எண்ணெயில், எளிதில் காறும் நிறைவுறாக் கொழுப்பான லினோலீக் அமிலம் ஏறக்குறைய கால் பங்கு; பால் கொழுப்பில் அது வெறும் சில விழுக்காடு. பாதாமில் வைட்டமின் ஈ நிறைய இருப்பதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அது தீர்ந்த பிறகு பாலைவிட பாதாம்தான் முதலில் காறும். அக்கா கவனிக்க வேண்டியது பால் கொழுப்பை மட்டுமல்ல என்பதே எனக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

இரண்டாவது, கொழுப்புப் பூச்சு போட்ட ஃபெரஸ் சல்பேட். துகளைச் சுற்றி இறுகிய தாவரக் கொழுப்பு. பொட்டலத்துக்குள் இருக்கும்வரை நன்றாகக் காப்பாற்றும். கொதிநீர் ஊற்றியதும் பூச்சு உருகி இரும்பு வெளியே வரும். குடிக்கப் போகும் நேரம்தானே, அதனால் பெரிய கேடில்லை. எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் சிறு அளவில் கொடுக்க எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. விசாரித்த இடத்தில் குறைந்தது ஒரு மூட்டை என்றார்கள். ஒரு மூட்டையை வைத்து அக்கா மூன்று தலைமுறைக்குப் பாதாம் பால் போடலாம்.

மூன்றாவது ஃபெரஸ் பிஸ்கிளைசினேட். இரும்பை இரண்டு கிளைசின் மூலக்கூறுகள் இரு பக்கமும் கிடுக்கிபோலப் பிடித்திருக்கும். உடம்பில் சேர்வதில் ஃபெரஸ் சல்பேட்டையும் மிஞ்சக்கூடியது. முழுக்கொழுப்புத் திரவப் பாலுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று அந்த 2006 வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டி, கொழுப்பைக் காற வைக்கும் குணமும் இதற்கு உண்டு, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்க்க வேண்டிவரலாம் என்றும் எச்சரிக்கிறது. பாக்கெட் பால் சில வாரங்களில் குடித்துத் தீரும். பவுடர் கடைத் தட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

நான்காவது ஃபெரிக் பைரோபாஸ்பேட். வெள்ளை நிறத்தை ஒட்டிய மென்பொடி. தண்ணீரிலும் பாலிலும் கரையாது, வயிற்று அமிலத்தில்தான் கரையும். கரையாத இரும்பு கொழுப்பை எட்டாது. நிறமும் மாற்றாது. ஆனால் உடம்பில் சேர்வது ஃபெரஸ் சல்பேட்டின் 100-க்கு 21 முதல் 74 வரை என்று அகலமான வீச்சில் மாறும். துகள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நல்லது. மைக்ரானில் பாதி அளவுக்கு அரைத்த வகை சாதாரண வகையைவிட நன்றாகச் சேரும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது.

ஐந்தாவதைத்தான் அக்கா ஏறக்குறைய வாங்கியே விட்டார். ஒரு விற்பனையாளர் “எல்லாம் ஒரே பொடியில்” என்று இரும்பு, துத்தநாகம், செம்பு, சில வைட்டமின்கள் கலந்த கலவையைக் கொண்டு வந்து கொடுத்தார். விவரத்தாளில் மூன்றாவது வரியில் காப்பர் சல்பேட். மயில்துத்தம்தான். அளவென்னவோ உடம்புக்குப் பாதுகாப்பான அளவே. சிலிப் பவுடரிலும் செம்பு சேர்த்திருந்தார்கள். ஆனால் பாதாம் எண்ணெய் பக்கத்தில், ஃபெரஸ் சல்பேட்டும் செம்பும் சேர்ந்து, மாதக்கணக்கில் இந்த ஊர் வெயிலில்? “செம்பு இல்லாமத் தர முடியுமா?” என்று கேட்டால், சத்து குறைந்துவிடும் என்று பதில் வந்தது. பாதாமிலேயே செம்பு இருக்கிறது, ஐயா.

பேசிக்கொண்டிருந்தால் முடிவு வராது என்று ஐந்து கண்ணாடி ஜாடி எடுத்தேன். ஒன்றில் இரும்பே இல்லை. இரண்டாவதில் ஃபெரஸ் சல்பேட், மூன்றாவதில் நுண்மையான பைரோபாஸ்பேட், நான்காவதில் பிஸ்கிளைசினேட், ஐந்தாவதில் அந்த எல்லாம்-ஒரே-பொடி. மூடி இறுக்கி, என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் தலையில் வரிசையாக வைத்தேன். அங்கே எப்போதும் வெதுவெதுப்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் திறந்து முகர்வது. பிறகு ஒரு கரண்டியில் வெந்நீர் ஊற்றி மறுபடி முகர்வது. வெந்நீர் முக்கியம். காய்ந்த பவுடரில் ஒளிந்திருக்கும் வாடை சூட்டில் வெளியே வந்துவிடும். மாமியாருக்கு எந்த ஜாடியில் என்ன என்று சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் ஐந்தாவது ஜாடியை முகர்ந்துவிட்டு மாமியார் மூடியைத் திருப்பி மூடினார், அவ்வளவுதான். ஐந்தாம், ஆறாம் வாரத்தில் இரண்டாவது ஜாடி. அதை வாடை என்றுகூடச் சொல்ல முடியாது. ஏலக்காய் மணத்துக்கு அடியில் பழைய எண்ணெய்க் குப்பியைத் திறந்த மாதிரி ஒரு சாயல், குடித்து முடித்ததும் நாக்கின் ஓரத்தில் சாவியைக் கடித்த மாதிரி ஒரு உலோகச் சுவை. ஏலக்காய் எவ்வளவு தூரம் மறைக்கும் என்றும் அப்போதுதான் தெரிந்தது. மணத்தை மறைக்கும், நாக்கை ஏமாற்ற முடியாது. நான்காவது ஜாடி எட்டாம் வாரம்வரை சமாளித்தது. அதன் பிறகு எனக்குச் சந்தேகம், அக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் வாரத்தில் முதல் ஜாடிக்கும் மூன்றாவதுக்கும் மாமியாராலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஐந்து ஜாடி, மூன்று மூக்கு. ஆய்வுக்கூடத்தில் பெராக்சைடு அளவு பார்த்தால்தான் முறையான சோதனை. விற்பனைக்கு முன் அதையும் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கை. என் அம்மா பாதாம் பவுடரைப் பாலில் கலக்க மாட்டார், டீயில் போடுவார். இரண்டாவது ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தன் டீயில் போட்டுக் கலக்கினார். பழுப்பு டீ கண்ணெதிரே சாம்பல் கலந்த கறுப்பாக மாறியது. “என்னடா இது, சாக்கடைத் தண்ணி மாதிரி?” கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி போட்டால் எழுதும் மை கிடைக்கும் என்பது பழைய சங்கதி. கடுக்காய்க்குப் பதில் தேயிலை. இரண்டிலும் துவர்ப்புப் பொருள்தான் இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. மூன்றாவது ஜாடியைப் போட்ட டீ டீயாகவே இருந்தது. எப்படிக் குடிக்க வேண்டும் என்று பொட்டலத்தில் எவ்வளவு எழுதினாலும், வாங்குகிறவர் தேத் தாரிக் டீயில் கொட்டுவார் என்று எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். டீயோடு சேர்த்துக் குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பது வேறு.

கொழுப்பு நீக்கிய பால் பவுடருக்கு மாறலாமே என்றும் பார்த்தோம். அதில் கொழுப்பு 1.5 விழுக்காட்டைத் தாண்டாது. முழுக்கொழுப்பில் குறைந்தது 26. சிங்கப்பூரில் பானங்களுக்கு இடும் நியூட்ரி-கிரேட் தர முத்திரையும் சர்க்கரையோடு நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்துத்தான் ஏ முதல் டி வரை கொடுக்கிறது, அதற்கும் நல்லது. கலக்கிக் குடித்துப் பார்த்த அக்கா, “கழுவின தண்ணி” என்று சொல்லிக் குவளையை வைத்துவிட்டார். எப்படியும் பாதாம் எண்ணெய் அங்கேயே இருக்கப் போகிறது.

வைட்டமின் சி சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம். பாலில் இரும்பு சேர்வதைக் கால்சியமும் கேசின் புரதமும் குறைக்கும்; வைட்டமின் சி அதை ஓரளவு ஈடுகட்டும். பாலுக்கு, இரும்பின் எடையைப் போல ஆறு மடங்கு என்பது வழக்கமான கணக்கு. எங்கள் 10 கிலோவுக்கு 9.6 கிராம். ஆனால் இது இருபுறமும் வெட்டும் கத்தி. ஈரம் இருக்கும் இடத்தில் வைட்டமின் சி ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றிக் கொடுத்து, நாம் தடுக்க நினைத்ததையே தூண்டிவிடலாம். கரையாத பைரோபாஸ்பேட்டோடு, காய்ந்த பவுடரில், இந்த ஆபத்து குறைவு. அதனால் டின் வேண்டாம், ஒரு குவளைக்கு ஒன்றாக அலுமினியத்தாள் உள்ள 25 கிராம் பொட்டலமாகப் போடலாம் என்றேன். டின் என்றால் முதல் நாளே ஈரக் கரண்டி உள்ளே போகும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன் என்பார்கள். வெளியே எடுத்துத் திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த பவுடரில் நீர் பூக்கும். அக்காவுக்குப் பொட்டலச் செலவு கசந்தது. டின்னில் போட்டால் வைட்டமின் சி வேண்டாம் என்றதும் ஒத்துக்கொண்டார்.

இரும்பே சேர்க்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான், அதை நான் கடைசிவரை மேசையிலேயே வைத்திருந்தேன். குவளைக்கு 4 மி.கி. என்பது மருந்தல்ல. கர்ப்பிணிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மாத்திரை அளவே நாளுக்கு 30 முதல் 60 மி.கி. இரத்த சோகை என்று மருத்துவர் சொன்ன பெண்ணுக்கு மாத்திரைதான். அதையும் பாலோடும் டீயோடும் விழுங்கக் கூடாது. “பிள்ளை பெற்றவர்களுக்கு” என்று பொட்டலத்தின் முகப்பில் எழுதப் போவதில்லை என்று அக்கா ஒத்துக்கொண்ட பிறகுதான் நான் இரும்பு சேர்ப்பதற்குச் சரி சொன்னேன். எந்த உப்பை எவ்வளவு சேர்க்கலாம், என்ன வாசகம் எழுதலாம் என்பதைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கப் போகிறார்.

ஆக, மூன்றாவது ஜாடி. நுண்மையான ஃபெரிக் பைரோபாஸ்பேட், வைட்டமின் சி, ஒற்றைப் பொட்டலம். இரும்பு உடம்பில் சேர்வது குறைவு என்பது தெரிந்தே எடுத்த முடிவு. நன்றாகச் சேரும் இரும்பைப் போட்டு மூன்றாம் மாதம் காறலோடு திரும்பி வரும் பொட்டலத்தை யாரும் குடிக்கப் போவதில்லை. மூன்றே வாரத்தில் விற்றுத் தீரும் அளவுக்கு மட்டும் தயாரிப்பவராக இருந்தால் பிஸ்கிளைசினேட்டைச் சொல்லியிருப்பேன்.

கலக்கும் முறையை ஒருநாள் கூட இருந்து காட்டிக் கொடுத்தேன். 6.4 கிராமை 10 கிலோவில் நேரே கொட்டினால் ஒரு பொட்டலத்தில் குவியும், இன்னொன்றில் ஒன்றுமே இராது. முதலில் அதே அளவு பால் பவுடரோடு கலந்து, பிறகு இரட்டிப்பாக, மறுபடி இரட்டிப்பாக என்று வளர்த்துக்கொண்டே போக வேண்டும். அக்கா கோலப்பொடியில் நிறம் கலப்பது மாதிரியே இருக்கிறது என்றார்.

நேற்று அழைத்து, சாக்லேட் சுவையிலும் ஒன்று போடலாமா என்று கேட்டார். கோக்கோவில் துவர்ப்புப் பொருளும் இருக்கிறது, 100 கிராமுக்கு 3 மி.கி.-க்கு மேல் செம்பும் இருக்கிறது. ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.